எடது பக்கத்து மட்கார்டு

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு வெளிய பாக்கறதுக்கு ஒண்ணுமில்லை. கரூருதானுங்களே? நானும் கரூருதான். மூணு மணி நேரத்துக்குக் கொறையாம ஆக்கிருவான் இவன்.

ஏறும்போது இந்த பஸ்சோட முன்மூஞ்சியைப் பாத்தீங்களா? லைட்டுக்கு மேல ஒரு வளைவு வருதுல்ல, அது பைபர். எங்க பட்டறையில போட்டது இல்லை, வேற எவனோ போட்டது. கையால தடவிப் பாத்துட்டுத்தான் ஏறுனேன். உள்ள காத்து நிக்குது. ரெண்டு மழைக்காலம் தாங்காது. நான் போட்ட மூஞ்சின்னா பஸ்சு பழைய இரும்புக்குப் போனாலும் அது அப்படியே இருக்கும். இருபத்திரெண்டு வருஷமுங்க. கரூர்ல பஸ் பாடி கட்டற எந்தப் பட்டறையில வேணும்னாலும் போயி, பைபர் குழந்தைவேலு எங்கன்னு கேட்டுப் பாருங்க.

கோயமுத்தூருக்கு எதுக்கு வந்தேன்னா, ஒரு காலேஜ் மைதானத்துல காருங்களை நிறுத்திக் காட்டறாங்கன்னு வந்தேன். வீட்டுலயே கையால கட்டுன காருங்களாம். பதினோரு காரு நின்னுச்சு. பத்தைப் பத்தி நான் பேச வரலை, யாரு பெத்த புள்ளைங்களோ. பதினொண்ணாவது எம் மச்சினன் காரு. மஞ்சக் கலரு. ரெண்டு பேரு உக்காரலாம். மேல கூரை கெடையாது, மழை வந்தா நனைய வேண்டியதுதான். ரோட்டுல ஓட்டவும் பர்மிஷன் இல்லை. அதனால ஒரு லாரியில ஏத்திக் கொண்டாந்து எறக்கியிருக்கான். லாரி மேல உக்காந்து வர்ற வண்டிக்குப் பேரு காருங்களா?

மச்சினன்னா என் சம்சாரத்தோட தம்பி. நந்தகோபாலுன்னு பேரு. பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியாரு. ஆறாம் வகுப்புப் பசங்களுக்கு மயில் வரையச் சொல்லிக் குடுக்கற வேலை. போன வருஷம் திடீர்னு கிட் காருன்னு ஆரம்பிச்சான். அது என்னன்னா, காரோட சட்டம், வீலு, ஸ்டியரிங்கு எல்லாம் தனித்தனியா பொட்டியில போட்டு விப்பாங்க, வாங்கறவன் அவனே மாட்டிக்கணும். கொழந்தைங்க வெளையாடற பொம்மை இல்லீங்களா, அந்த மாதிரி. இவனுக்கு வந்த பொட்டியில சட்டமும் வீலுந்தான் இருந்துச்சு. மேல போர்த்தற பாடி இல்லை. இஞ்சினை ஒரு அடிபட்ட காருல இருந்து கழட்டிக்கிட்டான். பாடியை நானே பைபர்ல பண்ணிக்கறேன்னான். நானே. அந்த 'நானே' இருக்குது பாருங்க.

எங்கிட்ட வந்து கேட்டான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு சீப்பு வாழப்பழத்தோட வந்தான். "மாமா, நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா நான் செஞ்சுருவேன்"னான். "நீ மயில் வரையறவன். ரெண்டு வருஷம் எங்கிட்ட வந்து ரோலர் புடி, அப்பறம் பேசலாம்"னேன். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டான். அதுக்கப்பறம் கேக்கவே இல்லை. ஒரு தடவை கேட்டா ஆச்சுங்களா? வேலை தெரிஞ்ச மனுசன்கிட்ட மறுக்கா வரணும், மூணாந்தடவையும் வரணும். வந்திருந்தான்னா செஞ்சு குடுத்திருப்பேன். நான் என்ன கல்லா?

பைபருங்கறது கண்ணாடி நூல்ல பாய் கணக்கா வர்ற மேட்டை, ரெசினுங்கற பசையில நனைச்சு அடுக்கடுக்கா ஒட்டறது. வேலை எப்படின்னா, முதல்ல மாதிரி பண்ணணும். காரு எந்த உருவத்துல வேணுமோ அதே உருவத்துல ஒரு பொம்மை. அதுக்கு மேல பைபர் போட்டு அச்சு எடுக்கறது. அந்த அச்சுக்குள்ள மறுபடியும் பைபர் போட்டு எடுத்தா, அதுதான் பாடி. இவன் மாதிரியைத் தெர்மாகோல்ல செதுக்கியிருக்கான். ரெண்டு மாசம். வளைவெல்லாம் நல்லாத்தான் வந்துச்சாம், வரையற கையாச்சே. செதுக்கி முடிச்சவன் அதுக்கு மேல நேரா ரெசினை ஊத்திட்டான். பால்ல போட்ட ரஸ்க்கு மாதிரி அத்தனையும் கரைஞ்சு உள்ள எறங்கிருச்சு.

அதை என் சம்சாரந்தான் ராத்திரிச் சாப்பாடு போடும்போது சொன்னா. அவ பேரு கோகிலவாணி, நான் வாணின்னு கூப்புடறது. நான் சிரிச்ச சிரிப்புல எனக்குப் பொரை ஏறிருச்சு. அவ முதுகுல தட்டிக்கிட்டே கேட்டா, "அது ஏனுங்க கரையுது?"

"ரெசினுக்குள்ள இருக்கற மருந்து தெர்மாகோலைத் தின்னுரும். அது மேல காகிதத்தை ஒட்டி, பிளாஸ்டர் பூசி, பட்டி பாத்துத் தேய்ச்சு, பெயிண்ட்டும் அடிச்சு, அப்பறந்தான் ரெசினைக் கிட்டக் கொண்டு போகணும். பட்டறையில கூட்டற ஆளுக்குக்கூட இது தெரியும்"னேன்.

ஒரு வாரம் பத்து நாள் இருக்கும். தம்பி புதுசா மாதிரி செதுக்கி, காகிதம் ஒட்டி, பிளாஸ்டர் பூசிட்டான்னு சொல்றா. குருட்டு அதிர்ஷ்டம் பாத்தீங்களா? போன்ல எவனாவது படம் போட்டுக் காட்டியிருப்பான்னு நெனச்சேன். இன்னைக்கு அவனவன் போனைப் பாத்தே ஆபரேசன் பண்ணிருவான் போல.

அடுத்தது, அச்சுல ஒட்டிக்கிச்சு. போட்ட பைபரு கழண்டு வரலை. அதையும் வாணிதான் சொன்னா. "எத்தனை தடவை மெழுகு பூசணும்?"னு கேட்டா. ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் காயவிட்டுத் துணியால தொடைக்கணும், கழட்டும்போது கடப்பாரையெல்லாம் வெக்கக் கூடாது, மரத்துண்டைச் சீவி ஓரத்துல சொருகி எடையில தண்ணி ஊத்துனா தானா வாயைத் தொறக்கும்னு சொன்னேன். அப்பறம் ஒரு நாள், வெயில்ல ரெசினு வாளிக்குள்ளயே பொகைஞ்சு கல்லாப் போச்சுன்னா. பங்குனி வெயில்ல வாளி வாளியாக் கலக்குனா பொகையாம என்ன செய்யும், காலம்பற வெயிலுக்கு முன்னாடி அரை லிட்டர் அரை லிட்டராக் கலக்கணும்னேன். பானெட்டு தகரம் மாதிரி ஆடுதுன்னா. அடியில மூங்கில் பட்டையைக் குறுக்க வெச்சு அது மேல ரெண்டு மேட்டு ஒட்டச் சொல்லுன்னேன்.

நான் சொல்றது என்னன்னா, கல்யாணமாகி இருபது வருஷத்துல என் தொழிலைப் பத்தி அவ ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் பேசுவேன். நான் பாட்டுக்கு பேசிக்கிட்டே இருப்பேன், அவ பாட்டுக்கு டிவி பாப்பா. அந்த வெயில்காலம் பூராவும் டிவியை நிறுத்திட்டு எதுத்தாப்ல வந்து உக்காந்தா. இன்னொரு கரண்டி கொழம்பு ஊத்திட்டு அடுத்த கேள்வியைக் கேப்பா. வீட்டுல நாங்க ரெண்டே பேருதான், புள்ளைங்க இல்லை. அந்த மூணு மாசம் பட்டறை விட்டா நேரா வீட்டுக்குத்தான் போனேன். இப்பவாச்சும் புருசனோட மதிப்புத் தெரிஞ்சுதேன்னு இருந்துச்சு. ஒரு நாள் நான் கை கழுவிட்டு வர்றேன், ஒரு நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டு இருக்கறா. மளிகைச் சாமானாக்கும்னு விட்டுட்டேன்.

அந்தச் சமயத்துல அவளுக்குக் கையெல்லாம் அரிப்பு வேற. முழங்கை வரைக்கும் செவந்து போயி, சொறிஞ்சுக்கிட்டே இருப்பா. சோப்பு சேரலைன்னு சோப்பை மாத்தச் சொன்னேன். மருந்துக்கடையில களிம்பு வாங்கியாந்து குடுத்தேன். பைபர்த் தூசி பட்டா அச்சா அப்படித்தான் அரிக்கும், எனக்கும் முதல் ரெண்டு வருஷம் அரிச்சுதுங்க. ஆனா அவ எங்க போயி பைபரைத் தொட்டா? பக்கத்து வீட்டம்மா வேற, நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க வீட்டுப் பக்கம் ரெசின் வாடை அடிக்குதேன்னுச்சு. என் துணியில இருந்து வரும்னேன். எனக்கு மூக்குல வாடை தெரிஞ்சு பதினஞ்சு வருஷமாச்சு, என்னைக் கேட்டா?

சித்திரை மாசம் கோயில் நோம்பிக்கு மச்சினன் வீட்டுக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டாய்க்குள்ள மட்கார்டு ரெண்டும் செவுத்துல சாஞ்சு நின்னுச்சு. ஒரு ரூபாக் காசை எடுத்து ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் தட்டிக்கிட்டே வந்தேன். உள்ள காத்து இருந்தா சத்தம் மாறும். மாறலை. திருப்பிப் போட்டும் தட்டுனேன். மாறலை. எடது பக்கத்து மட்கார்டுல மட்டும் ஓரம் கொஞ்சம் தடிமனா இருந்துச்சு. "இங்க ரெண்டு மேட்டு அதிகமாப் போட்டுட்ட, வேலை தெரியாதவன் செய்யறது இதுதான்"னேன் மச்சினன்கிட்ட. அவன் அவங்கக்கா மூஞ்சியைப் பாத்தான். வாணி கிட்ட வந்து, அந்த ஓரத்தைத் தொட்டுப் பாத்து, "ஆமா"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்னு ஆமாங்கறா?

அப்பறம் வைகாசியில நடந்துச்சு அது.

ரெசினு தானாக் கெட்டியாகாதுங்க. ரெண்டு மருந்து சேரணும். கோபால்ட்டுன்னு ஊதாக் கலர்ல ஒண்ணு, ஹார்டனர்னு தண்ணியாட்டம் ஒண்ணு. மச்சினன் வேற கடையில புது ரெசினு வாங்கியிருக்கான். ஹார்டனரை ஊத்தி ரெண்டு நாளாகியும் பிசுபிசுன்னே இருக்குதாம். காலையில நான் வண்டியை வெளிய எடுக்கும்போது வாணி பின்னாலயே வந்து கேக்கறா. "கோபால்ட் சேக்காத ரெசினா இருக்கும், வாங்கிச் சேத்தச் சொல்லு"ன்னேன். "அதை எப்படிங்க சேக்கறது?"ன்னா. எனக்கு நேரமாச்சு. "ரெண்டையும் ஒரு டம்ளர்ல கலக்கி ரெசினுக்குள்ள ஊத்துனா முடிஞ்சுது. இதெல்லாம் ஒரு வித்தையா?"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

பதினோரு மணிக்குப் பட்டறைக்கு போன் வருது. டம்ளர்ல ரெண்டும் ஒண்ணு சேந்த ஒடனே குப்புன்னு தீ புடிச்சுருச்சாம். கலக்குனது வாணி. வலது கை முழங்கை வரைக்கும், கழுத்துல ஒரு பக்கம். தலைமுடி முன்னாடி கருகிப் போச்சு. கண்ணு தப்பிச்சுது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மச்சினன் வராந்தாவுல நிக்கறான். "உன் பைத்தியத்துக்கு என் பொண்டாட்டி கைதான் கெடைச்சுதா? அவளை எதுக்குடா அதுங்கிட்ட விட்ட?"ன்னு சட்டையைப் புடிச்சுட்டேன். அவன் கையைத் தட்டி விடலை. "மாமா, தெர்மாகோல் கரைஞ்ச நாள்ல இருந்து பைபர் வேலை பூராவும் அக்காதான் செய்யுது. நீங்க பட்டறைக்குப் போனதும் வந்துரும், நீங்க வர்றதுக்குள்ள போயிரும். நான் படம் போட்டேன், செதுக்குனேன், அவ்வளவுதான். நீங்க சொன்னது அத்தனையும் நோட்டுல எழுதி வெச்சுருக்குது"ங்கறான்.

இதை நம்புவீங்களா? தப்பிச்சுக்கறதுக்கு அக்கா மேல தூக்கிப் போடறான். நோட்டையும் காட்டுனான். அவ கையெழுத்துதான், நான் சொன்ன வார்த்தைதான், தேதி போட்டு எழுதியிருக்குது. அதனால என்ன? எழுதி வெச்சா வேலை வந்துருங்களா? அப்படின்னா பள்ளிக்கூடத்துப் பசங்க பூராவும் டாக்டர் ஆயிருக்கணுமே. அச்சு எடுக்கறதுக்குக் கையி பழகணும். அந்த மட்கார்டைப் பொம்பளை ஒருத்தி, அதுவும் என் வீட்டுப் பொம்பளை, போட்டான்னு சொன்னா எந்தப் பட்டறைக்காரன் ஒத்துக்குவான்?

டாக்டரு எப்படி ஆச்சுன்னு கேட்டப்போ, "கை தவறிருச்சுங்க"ன்னு சொல்லியிருக்கறா. எம் பேரை எடுக்கலை. மூணாம் நாளு வலி கொறைஞ்சு எந்திரிச்சு உக்காந்துட்டா. நான் எளநியை வெட்டிக்கிட்டு போயிருந்தேன். குடிக்கலை, கையில வாங்கி வெச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டா. "அன்னைக்குத் தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாமச் சொன்னீங்களா?"

பக்கத்துப் படுக்கையில இருக்கறவங்க, அவங்க சொந்தக்காரங்க எல்லாம் காதை இங்கதான் வெச்சுருக்கறாங்க. மருந்து குடுக்க வந்த நர்சம்மா வேற நிக்குது. மச்சினன் கால்மாட்டுல நிக்கறான். "பைபர்ல எனக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருக்குதா? இருபத்திரெண்டு வருஷம், யாரைப் பாத்து என்ன கேக்கறே?"ன்னேன்.

என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம் "சரிங்க"ன்னா.

அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில இருந்து நேரா தம்பி வீட்டுக்குப் போயிட்டா. ஏழு மாசமாச்சு. என்ன கோவம்னு ஒரு வார்த்தை சொல்லலை. நான் அடிச்சேனா, திட்டுனேனா? கேட்டதுக்குப் பதில் சொன்னேன். போறவங்க போகட்டும்னு நானே பொங்கித் திங்கறேன்.

என்னங்க?

தெரிஞ்சு சொன்னீங்களான்னு நீங்களும் கேக்கறீங்களா. நீங்க கரூர்ல எறங்கி உங்க வழியில போற ஆளு, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எங்க பட்டறைக்கு ரெசினு கோபால்ட் சேத்தேதான் வருது. பதினாலு வருஷமா அப்படித்தான். ஹார்டனரை மட்டும் ஊத்துவோம், உருட்டுவோம். கோபால்ட் பாட்டிலு எப்படி இருக்கும்னுகூட இப்ப எனக்கு ஞாபகமில்லை. வேலைக்குச் சேந்த முதல் வாரத்துலயே எங்க மேஸ்திரி சொன்னது, ரெண்டும் நேருக்கு நேரா சேரவே கூடாதுன்னு. மறந்து போச்சுங்க. நேரமாச்சுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிட்டேன். மறந்து போச்சு.

அதை அவகிட்ட எப்படிங்க சொல்றது? மூணு மாசம் எதுத்தாப்ல உக்காந்து கேட்டவ. அவ முன்னாடி போயி, இவனுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு ஆகணுமா?

அப்படின்னா தெரிஞ்சே சொன்னதா ஆகுதேங்கறீங்க. நான் அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னு இருபது வருஷம் குடும்பம் நடத்துனவளுக்குத் தெரியாதுங்களா? அதைக்கூட வாயைத் தொறந்து சொல்லணுமா?

சரி, இன்னைக்கு நடந்ததைக் கேளுங்க. மச்சினன் போனுல செய்தி அனுப்பிச்சிருந்தான், வாங்க மாமான்னு. கொறை எங்கெங்க இருக்குதுன்னு நாலு பேருக்கு எடுத்துச் சொல்லலாம்னுதான் போனேன். கூட்டம் அந்தக் காரைச் சுத்தித்தான் நின்னுச்சு, வெவரம் தெரியாத சனங்க. முன்னாடி ஒரு அட்டையில எழுதி வெச்சுருக்கறாங்க. வடிவம் நந்தகோபால், பாடி கோகிலவாணி. எழுதறதுக்கு என்ன, அட்டை அவங்களுது, பேனா அவங்களுது.

வாணி காருக்குப் பக்கத்துல நின்னு காலேஜ் பசங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கறா. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறா. ஆறு தடவை மெழுகுங்கறா. மரத்துண்டைச் சொருகித் தண்ணி ஊத்துங்கங்கறா. நான் சொன்ன வார்த்தைங்க, வார்த்தை மாறாம. ஒரு புள்ளை, "யாரு மேடம் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"ன்னு கேட்டுச்சு. மேடமாம். "எங்க வீட்டுக்காரரு. சோறு திங்கறப்போ"ன்னா. பசங்க சிரிச்சாங்க. அவ சிரிக்கலை. அப்பறம் கோபால்ட்டுக்கு வந்தா. "இதை முதல்ல ரெசின்ல விட்டு நல்லாக் கலக்கிறணும். பூராவும் கலந்த பின்னாடிதான் ஹார்டனர். ரெண்டையும் நேரா ஒண்ணு சேத்தவே சேத்தாதீங்க"ன்னு சொல்லிட்டு கையைத் தூக்கிக் காட்டுனா. முழங்கை வரைக்கும் தோலு சுருங்கி, வெளுத்துப் போயி இருக்குது. நான் அதை அன்னைக்குக் கட்டோட பாத்ததுதான்.

"நீங்க ஏன் சேத்துனீங்க மேடம்?"னு அதே புள்ளை கேட்டுச்சு.

வாணி திரும்புனா. அப்பத்தான் என்னைப் பாத்தா. "அதை அவரைத்தான் கேக்கணும்"னா.

இருவது முப்பது பேரு என் பக்கம் திரும்பிட்டாங்க. மச்சினன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவ என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே நிக்கறா. ஆஸ்பத்திரியில பாத்தாளே, அந்த மாதிரி இல்லை. சாப்பாட்டுக்கு எதுத்தாப்ல உக்காந்து பாப்பா பாருங்க, அந்த மாதிரி.

நான் போயி காரைத் தொட்டுப் பாத்துட்டு, "எடது மட்கார்டு ஓரம் இன்னும் தடிமனாத்தான் இருக்குது"ன்னேன்.

சரியாத்தானே சொன்னேன்? இருக்கறதைத்தானே சொன்னேன்? தேய்ச்சுச் சரி பண்ணியிருக்கணும் இல்லீங்களா, ஏழு மாசம் இருந்துச்சே?

"தெரியுமுங்க. நான் முதமுதல்ல போட்டது அது. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்"னு சொல்லிட்டு பசங்க பக்கம் திரும்பிக்கிட்டா. அதுக்கப்பறம் நான் எதுக்கு நிக்கறேன். மத்த பத்து காரையும் ஒரு சுத்துச் சுத்திட்டு கெளம்பிட்டேன். ஒண்ணுலயும் உருப்படியா வேலை இல்லை. ஒரு காருல பெயிண்ட்டுக்கு அடியில மேட்டோட நூலு தெரியுது. இதுக்கெல்லாம் பந்தல் போட்டு, மைக்கு வெச்சு.

மைதானத்து வாசலுக்கிட்ட வந்துட்டேன். பின்னாடி செருப்புச் சத்தம் கேக்குது, வேகமா வர்ற மாதிரி. திரும்புனா வாணி. மூச்சு வாங்குது. சேலைத் தலைப்பால அந்தக் கையை மூடியிருந்தா. என்னமோ சொல்லப் போறான்னு நின்னேன்.

"சாப்பிட்டீங்களா?"ன்னா.

"ஆச்சு"ன்னேன்.

"எங்க?"ன்னா.

"இங்கதான், ஒரு ஓட்டல்ல"ன்னேன்.

தலையை ஆட்டுனா. அப்பறம் போயிட்டா. ஓட்டல் பேரைக் கேட்டிருந்தான்னா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியலை. காலையில கரூர்ல ஒரு டீ குடிச்சதுதாங்க. காருக்குப் பின்னாடி நெழல்ல சாப்பாட்டுக் கேரியரு ஒண்ணு வெச்சுருந்தாங்க, பாத்தேன். நாலடுக்கு. ரெண்டு பேருக்கு எதுக்கு நாலடுக்கு?

காங்கேயம் வந்துருச்சு பாருங்க. பத்து நிமிஷம் நிறுத்துவான். நீங்க எறங்கி எதாச்சும் சாப்பிட்டு வாங்க, எடத்தை நான் பாத்துக்கறேன். எனக்குப் பசியில்லை.